ஆடும் துண்டும் அசையாத படமும்

பில்லியர்ட்ஸ் பந்து, நிழல், சுருக்கம் விழுந்த கம்பளம், பூட்டிய கதவு, பொறிக்கதவு, பள்ளம். துப்பறியும் தொடர்கதையின் அத்தியாயத் தலைப்புகள்போல இருக்கும் இந்த ஆறும் முழங்கால் மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எலும்பு மருத்துவர்கள் வைத்த பெயர்கள். ஒரே நோயின் ஆறு முகங்கள். முதல் மூன்றில் எலும்புத் துண்டு அசையாது. பின் மூன்றில் அது ஆடும், அல்லது ஏற்கெனவே கழன்று போயிருக்கும். 'ராக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வுக் குழு, பல மருத்துவமனைகளின் அறுவை மருத்துவர்களை ஒரே வீடியோக்களைப் பார்க்க வைத்து, எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று சோதித்து, 2016-ல் இந்த வகைப்பாட்டை வெளியிட்டது.

பெயர்கள் அழகானவைதான். ஆனால் மூட்டில் துளையிட்டு, கேமராவை நுழைத்து, கொக்கி முனைக் கம்பியால் அந்த இடத்தை நெருடிப் பார்த்த பிறகுதான் இவற்றில் எது என்று சொல்ல முடியும். மயக்க மருந்து கொடுத்துத் துளையிடுவதற்கு முன்பே, வெளியில் இருந்தபடி சொல்ல வழி உண்டா? எம்.ஆர்.ஐ. ஸ்கேனிடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. கிடைத்த பதில் ஒருமுறை சரியாக வந்தது, பிறகு தவறியது, பிறகு திருத்தப்பட்டது.

நோயின் பெயர் ஆஸ்டியோகாண்ட்ரைடிஸ் டிசெக்கன்ஸ். சுருக்கினால் ஓ.சி.டி. கையைத் திரும்பத் திரும்பக் கழுவும் மனநோயின் சுருக்கமும் அதுவே என்பதால், ரிப்போர்ட்டில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடும் பெற்றோர் முதலில் குழம்பிப்போவார்கள். முழுப்பெயரும் பெரிதாக உதவாது. மூட்டுக்குள் துண்டுகள் கழன்று மிதப்பதைப் பற்றி எழுதிய ஜெர்மனியின் ஃபிரான்ஸ் கோனிக், 1880-களின் இறுதியில் இந்தப் பெயரைச் சூட்டினார். எலும்பிலும் குருத்தெலும்பிலும் அழற்சி ஏற்பட்டு துண்டு பிரிந்துவிடுகிறது என்பது அவருடைய எண்ணம். அழற்சிக்கான செல்களைப் பின்னால் வந்தவர்கள் காணவில்லை. அவருக்கு முன்பே, 1870-ல், லண்டனில் ஜேம்ஸ் பேஜட் இதைச் சத்தமில்லாத திசுச் சாவு என்று விவரித்திருந்தார். உண்மைக்கு நெருக்கமான விவரிப்பு அதுதான், நிலைத்ததோ தவறான பெயர். கழன்று மிதக்கும் துண்டை ஜெர்மானியர்கள் 'மூட்டு எலி' என்பார்கள். இன்று கையில் தட்டுப்படும், நாளை வேறு இடத்துக்கு ஓடிவிடும் என்பதால் வந்த பெயர்.

இது அரிதான நோய். தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த 6 முதல் 19 வயது வரையான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், முழங்காலில் இந்த நோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் 9.5 பேருக்கு வந்திருந்தது. பையன்களில் 15.4, பெண்களில் 3.3. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம்தான் அதிகம். தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு குமிழ்களாகப் பிரிந்திருக்கும். அவற்றில் உட்புறக் குமிழில், நடுப்பள்ளத்தை ஒட்டிய பக்கம், நோயின் வழக்கமான இருப்பிடம். ஓடி விளையாடும் பிள்ளை முழங்கால் வலி என்று வரும். விழுந்ததாகச் சொல்லாது. வீக்கம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். துண்டு கழன்றிருந்தால் கால் நடுவழியில் 'லாக்' ஆகி நிற்கும்.

வலிக்கும் இடத்தில் துண்டு ஒட்டியிருக்கிறதா, ஆடுகிறதா என்பதை வைத்தே சிகிச்சை திசை மாறுகிறது. உறுதியாக ஒட்டியிருந்து, பிள்ளையின் வளர்தட்டும் (எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பட்டை) இன்னும் திறந்திருந்தால், ஓட்டத்தையும் குதிப்பையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்த 47 முழங்கால்களைப் பின்தொடர்ந்து, எரிக் வால் என்ற மருத்துவரும் சகாக்களும் 2008-ல் எழுதினார்கள். ஆறு மாதத்தில் 66 சதவீதம் ஆறத் தொடங்கியிருந்தன, மீதி மூன்றில் ஒரு பங்கு ஆறவில்லை. துண்டு ஆடினால் பொறுத்திருப்பதில் பயனில்லை. திருகாணி வைத்துப் பதிக்க வேண்டும், பள்ளமாகிவிட்டால் வேறு இடத்திலிருந்து குருத்தெலும்பை எடுத்து நட வேண்டும். வளர்ச்சி முடிந்தவர்களுக்குத் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. தவறாக 'ஆடுகிறது' என்று சொல்லிவிட்டால் ஒரு பள்ளிச் சிறுவனுக்குத் தேவையில்லாத அறுவை. தவறாக 'ஒட்டியிருக்கிறது' என்றால், காப்பாற்றியிருக்கக்கூடிய துண்டு விளையாட்டு மைதானத்தில் கழன்று விழும்.

கொத்தனார் தரையில் பதித்த டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சத்தம் டொக்கென்று வந்தால் கீழே சிமெண்ட் பிடிக்கவில்லை. மூட்டின் வழவழப்பான குருத்தெலும்புதான் இங்கே டைல்ஸ், அதன் கீழே உள்ள எலும்பு சிமெண்ட் படுகை. அறுவை மருத்துவரின் கொக்கிக் கம்பி கொத்தனார் தட்டுவதைப் போன்றது. எம்.ஆர்.ஐ.-யால் தட்ட முடியாது. அது எடுப்பது படம், அதுவும் நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போது. காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையே அதற்கு எல்லாம். டி2 என்ற வகைப் படத்தில் திரவம் பளீரென்று வெள்ளையாக ஒளிரும். குருத்தெலும்பின் கீழ்த்தட்டு, அதாவது அதைத் தாங்கும் எலும்பின் கெட்டியான மேற்பரப்பு, கறுப்புக் கோடாகத் தெரியும். ஆக, டைல்ஸ் ஆடுகிறதா என்ற கேள்விக்கு, டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்பதைப் பார்த்துப் பதில் சொல்லப்படுகிறது. இந்த இடமாற்றம் சாதாரணமானதாகத் தோன்றலாம். பிந்தைய குழப்பங்கள் அனைத்துக்கும் ஊற்று இங்கேதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் டி ஸ்மெட்டும் சகாக்களும் 1990-ல் இதை முறையாக ஆராய்ந்தார்கள். ஸ்கேனில் கண்டதையும் அறுவையில் கண்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 1996-ல் கணுக்காலையும் சேர்த்து மறு ஆய்வு செய்தபோது நான்கு அடையாளங்கள் உருவாகியிருந்தன. துண்டுக்கு அடியில் டி2 படத்தில் வெள்ளைக் கோடு ஓடுவது முதலாவது. அதே இடத்தில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்கட்டி இருப்பது இன்னொன்று. மேலே குருத்தெலும்பில் 5 மில்லிமீட்டர் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பது மூன்றாவது. குருத்தெலும்பையும் அதன் கீழ்த்தட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளைக் கோடு இறங்குவது கடைசி. இவற்றில் ஒன்று இருந்தாலே துண்டு உறுதியற்றது என்று முடிவு கட்டலாம். அந்த மறு ஆய்வில் ஆடும் துண்டுகளில் 97 சதவீதத்தை இது பிடித்தது, ஒட்டியிருந்த ஒன்றையும் ஆடுவதாகத் தவறாகச் சொல்லவில்லை. மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான எண் கிடைப்பது அபூர்வம். கதிரியக்கப் பாடநூல்கள் நான்கையும் அப்படியே ஏற்றுக்கொண்டன, இன்றும் தேர்வுகளில் கேட்கிறார்கள்.

சிக்கல் பிள்ளைகளிடம் தொடங்கியது.

இங்கிலாந்தில் பிள்ளைகளின் முழங்கால்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்கேனையும், மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2002-ல் வந்தது. வெள்ளைக் கோட்டை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால் பாதிக்கும் குறைவாக, 45 சதவீதம்தான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்கும். டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் குருத்தெலும்பு உடைந்திருப்பதும் சேர்ந்து தெரிந்தால்தான் அந்தக் கோட்டுக்குப் பொருள் உண்டு என்று விதியை மாற்றியதும் அது 85 சதவீதமாக ஏறியது.

அடுத்த அடி டி ஸ்மெட்டின் சொந்த வீட்டிலிருந்தே விழுந்தது. அதே விஸ்கான்சினில் ரிச்சர்ட் கிஜோவ்ஸ்கி தலைமையில் 2008-ல் வெளியான ஆய்வில் டி ஸ்மெட்டும் ஓர் ஆசிரியர். தான் வகுத்த அளவுகோலைத் தானே தராசில் வைத்த அந்த நேர்மையைக் குறிப்பிடாமல் போவது சரியாகாது. பெரியவர்களிடம் நான்கு அடையாளங்களும் சேர்ந்து நூற்றுக்கு நூறு. வளர்தட்டு திறந்திருந்த இளையவர்களிடம் ஆடும் துண்டுகள் அத்தனையும் பிடிபட்டன, ஆனால் ஒட்டியிருந்தவற்றைச் சரியாக 'ஒட்டியிருக்கிறது' என்று சொன்னது வெறும் 11 சதவீதம். உறுதியான துண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை 'ஆடுகிறது' என்று குற்றம்சாட்டிவிடும் அளவுகோல் அது. புகை அடித்தால்கூட அலறும் மணியைப் போல.

அளவுகோலைத் தூக்கிப் போடாமல் அதைக் கூர்மையாக்கினார்கள். இளையவர்களிடம் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது பக்கத்தில் இருக்கும் மூட்டுத் திரவத்தின் அதே வெண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கோட்டைச் சுற்றி வெளியே இன்னொரு கறுப்புக் கோடு இருக்கிறதா, கீழ்த்தட்டு பல இடங்களில் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மட்டும் கோட்டை நம்பலாம். நீர்க்கட்டியும் அப்படித்தான்: ஒன்றுக்கு மேற்பட்டவையாகவோ 5 மில்லிமீட்டரைத் தாண்டியதாகவோ இருந்தால் கவலைப்பட வேண்டும். சிறியதாக ஒன்று தனியாக இருந்தால் பதற வேண்டாம். இப்படிப் பிரித்தபின் அந்த ஆய்வில் இளையவர்களிடமும் எண்கள் முழுமையாக வந்தன. அதே நோயாளிகளிடம் கண்டுபிடித்த விதியை அதே நோயாளிகளிடமே சோதித்தால் எண் நன்றாகத்தான் வரும் என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு அர்த்தம் எப்படி வருகிறது? வளர்ந்தவரின் எலும்பில் துண்டுக்கு அடியில் வெள்ளை ஓடினால், பெரும்பாலும் அங்கே விரிசல் வழியாக மூட்டுத் திரவம் இறங்கியிருக்கிறது. வளரும் எலும்பில் அந்த இடத்தை மூடி ஆற்ற வரும் இளம் திசுவும், ரத்தக் குழாய்கள் நிறைந்த, நீர்ச்சத்து மிகுந்த திசு என்பதால், வெள்ளையாகவே தெரியும். ஒன்று பிரிவின் அடையாளம், மற்றது ஒட்டிக்கொள்ளும் முயற்சியின் அடையாளம். திரவத்தின் வெண்மையும் திசுவின் வெண்மையும் சற்று வேறுபடும். அதனால்தான் 'மூட்டுத் திரவத்தோடு ஒப்பிட்டுப் பார்' என்ற விதி அவ்வளவு பயன்படுகிறது.

நோயின் பிறப்பைப் பற்றி வந்த புதுப் புரிதலும் இதற்குத் துணை நிற்கிறது. இங்கே மனித மருத்துவம் கால்நடை மருத்துவத்திடம் கடன்பட்டிருக்கிறது. பன்றிகளுக்கும் குதிரைகளுக்கும் இதே நோய் வரும். பந்தயக் குதிரையின் விலையே இதனால் விழுந்துவிடும் என்பதால் கால்நடை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வந்தார்கள். வளரும் பருவத்தில் எலும்பு முனையின் குருத்தெலும்புக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடும், வளர்ச்சி முடியும்போது அவை மறைந்துவிடும். இடையில் அவற்றில் ஒரு குழாய் அடைபட்டால் அந்தத் திட்டுக் குருத்தெலும்பு செத்துவிடும். பின்னாலிருந்து எலும்பாக மாறிக்கொண்டு முன்னேறி வரும் அலை அந்த இடத்தை எட்டியதும் நின்றுபோகும். அப்படி எலும்பாகாமல் விடுபட்ட திட்டுதான் பிறகு துண்டாகப் பிரிகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மனிதரையும் கால்நடையையும் ஆராயும் இரு தரப்பினரும் சேர்ந்து, சாயமருந்து செலுத்தாமலேயே இந்தக் குருத்தெலும்புக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறைகளைக் கையாண்டார்கள். பிள்ளைகளின் நோயும் எலும்பில் தொடங்குவதைவிட இந்தக் குருத்தெலும்பில்தான் தொடங்குகிறது என்ற கருத்துக்கு இந்த வேலை வலு சேர்த்தது.

இன்னொரு பொறியும் பிள்ளைகளிடம் உண்டு. வளரும் குமிழின் பின்பகுதியில் எலும்பு ஒரே சீராக உருவாகாமல், ஓரத்தில் மேடு பள்ளமாக, சில சமயம் தனித் தீவாகக்கூட உருவாகும். எக்ஸ்ரேயில் பார்த்தால் நோய் என்றே தோன்றும். மேலே குருத்தெலும்பு பழுதில்லாமல், சுற்றி எலும்பில் நீர்க்கோவை இல்லாமல், பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்தால் அது வளர்ச்சியின் இயல்பு. பிள்ளை வளர வளரக் காணாமல் போய்விடும்.

முழங்கைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. பேஸ்பால் எறியும் சிறுவர்களும், கைகளில் உடல் எடையைத் தாங்கும் ஜிம்னாஸ்டிக் சிறுமிகளும்தான் இங்கே வருவார்கள். எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் வெளிப்பக்கம் நசுங்கும். அங்கே மேல்கை எலும்பின் உருண்டை முனையில் பழுது விழும். முன்பக்கம் விழுந்தால் அது நோய். அதே உருண்டையின் பின்பக்கம் குருத்தெலும்பு இயற்கையாகவே முடியும் இடத்தில் ஒரு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. அதைப் பழுது என்று எழுதிவிட்டு, பிறகு திருத்தம் போடும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. பேஸ்பால் வேரூன்றிய ஜப்பானில் மைதானத்துக்கே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டுபோய்ச் சிறுவர்களின் முழங்கையைப் பார்க்கும் வழக்கம் உண்டு. வலி வருவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்பது அதன் கணக்கு.

கணுக்காலில் பெரும்பாலும் அடிபட்ட கதை இருக்கும். அமெரிக்காவின் பெர்ன்ட், ஹார்ட்டி இருவரும் 1959-ல் எக்ஸ்ரேயை வைத்து வகுத்த நான்கு படிநிலைகள் இன்றும் வழக்கில் உள்ளன. எம்.ஆர்.ஐ. இங்கே ஒரு விதத்தில் மிகைப்படுத்தும்: எலும்புக்குள் பரவிய நீர்க்கோவையும் சேர்ந்து தெரிவதால் பழுது உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். எலும்பின் உண்மையான அளவு வேண்டும் என்றால் சி.டி. எடுப்பதே மேல்.

மூட்டுக்குள் ஊசி போட்டுச் சாயமருந்து செலுத்திவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறையும் உண்டு. சாயம் துண்டுக்கு அடியில் நுழைந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, வழி திறந்திருக்கிறது. டைல்ஸ் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது மாதிரி. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முழங்காலில் ஊசி குத்தச் சம்மதிக்கும் தாயைத் தேடிப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சாயம் செலுத்தினால் இளம் திசு வெளுக்கும், திரவம் வெளுக்காது. அதுவும் உதவி செய்யும், ஆனால் பழக்கத்தில் பெரிதாக நிலைக்கவில்லை.

மேலே வந்த சதவீதங்கள் எல்லாம் எதை அடிப்படையாக வைத்தவை என்று கேட்டால் கால் கொஞ்சம் வழுக்கும். ஸ்கேன் சொன்னது சரியா தவறா என்பதை ஆர்த்ரோஸ்கோப்பி பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்ய மாட்டார்கள். ஓய்விலேயே ஆறிப்போன பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒட்டியிருந்தும் அறுவைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நீண்ட காலம் வலித்தவர்கள், ஆற மறுத்தவர்கள். அந்த 11 சதவீதத்தையும் இந்தப் பின்னணியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். எண்ணிக்கையும் ஒரு குறை. லட்சத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக வரும் நோயில் ஒரு மருத்துவமனையால் சில டஜன் பேரைத்தான் திரட்ட முடியும். சில டஜன் பேரில் நான்கு அடையாளம், இரண்டு வயதுப் பிரிவு என்று பிரித்தால் ஒவ்வொரு பெட்டியிலும் மிஞ்சுவது கைவிரல் எண்ணிக்கை.

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம் 2010-ல் இருந்த சான்றுகளை எல்லாம் திரட்டி வழிகாட்டி எழுத உட்கார்ந்தபோது இந்த நிலைமை வெளிச்சத்துக்கு வந்தது. பதினாறு பரிந்துரைகளில் ஒன்றுக்குக்கூட 'வலுவானது' என்ற முத்திரை விழவில்லை. பெரும்பாலானவற்றுக்கு 'முடிவு சொல்ல முடியவில்லை' என்றே எழுதினார்கள். எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்ற பரிந்துரைக்குக் கிடைத்தது 'பலவீனமான' முத்திரை. உலகம் முழுவதும் அன்றாடம் எடுக்கப்படும் ஸ்கேனுக்கு அவ்வளவுதான் சான்று இருந்தது என்பது பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இதை வைத்து ஸ்கேன் வீண் என்று சொல்ல முடியாது. பெரியவர்களிடம் அது நம்பகமான சாட்சி, எண்கள் அதையே காட்டுகின்றன. இளையவர்களிடம், பாதிப்பின் அளவு, இடம், வளர்தட்டு திறந்திருக்கிறதா, கீழ்த்தட்டு முழுசாக இருக்கிறதா ஆகிய கேள்விகளுக்கு அதன் பதில் உறுதியானது. 'ஆடுகிறதா' என்ற ஒற்றைக் கேள்விக்கு மட்டும் அது சொல்வதைச் சற்று நிதானித்துக் கேட்க வேண்டும். நல்ல ரிப்போர்ட்டை இங்கேதான் அடையாளம் காணலாம். வயதையும் வளர்தட்டின் நிலையையும் சொல்லாமல் 'அன்ஸ்டேபிள்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், எழுதியவர் 1996-லேயே நின்றுவிட்டார் என்று பொருள். கோடு திரவத்தின் வெண்மையில் இருக்கிறதா, கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, தட்டு எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் அறுவை மருத்துவருக்கு வேலை பாதி முடிந்தது. படத்தை எடுக்கும் விதத்துக்கும் பங்கு உண்டு. முழங்காலின் குருத்தெலும்பு பல இடங்களில் சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டும் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர். மெல்லிய விரிசல் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நழுவிப்போகலாம். பிள்ளை காலை ஆட்டிவிட்டால் பெரிய விரிசலும் மங்கிப்போகும்.

ஒற்றைப் படத்தைவிட இரண்டு படங்கள் பேசும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி எடுத்து, கட்டி சுருங்கியிருக்கிறதா, வெள்ளைக் கோடு மங்கியிருக்கிறதா, துண்டும் தாய் எலும்பும் எங்காவது கைகோத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுவதில் பலர் நம்பிக்கை வைக்கிறார்கள். ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு, நேற்றைவிட இன்று அதிகமாக ஆடுகிறதா என்று தெரிவது போன்ற கணக்கு அது.

ஆறு பெயர்களில் முதலாவதான பில்லியர்ட்ஸ் பந்துக்குக் கடைசியாகத் திரும்பலாம். ஆர்த்ரோஸ்கோப்பி கேமராவில் குருத்தெலும்பு வழவழவென்று, கீறல் இல்லாமல், பழுது எங்கே என்றே தெரியாமல் இருப்பதற்கு வைத்த பெயர் அது. கொக்கிக் கம்பியால் நெருடினாலும் அசையாது. ஆனால் பிள்ளைக்கு மாதக்கணக்கில் வலி, ஓய்வில் ஆறவில்லை. அங்கே அறுவை மருத்துவர் குருத்தெலும்பைத் தொடாமல், எலும்பின் பின்புறத்திலிருந்து மெல்லிய கம்பியால் துளைகள் போட்டுச் செத்த திட்டுக்கு ரத்தம் வர வழி செய்வார். எந்த இடத்தை நோக்கித் துளையிடுவது என்று அவருக்குக் கேமரா சொல்லாது. ஸ்கேன் சரியா என்று தீர்ப்புச் சொல்ல வந்த கேமரா அங்கே மௌனமாகிவிடும். அவர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியைச் செலுத்துவார், நடுநடுவே சுவரில் ஒளிரும் அதே எம்.ஆர்.ஐ. படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.